கான் வெட்டிய கைகள் வரம்பு கட்டியபோது

ஜூன் மாதத்தில் இரத்தினபுரிப் பக்கம் அடைமழை பிடித்துக்கொண்டால் லயத்து வாசலில் காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அதே மாதத்தில் வவுனியாவில் கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே இறங்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுதான். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று சபரகமுவ மலைகளில் மோதி மேலெழுந்து, கொண்டு வந்ததில் பெரும்பங்கை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது அதில் வெப்பமும் வேகமும்தான் மிஞ்சும். வடக்கில் சோளகம் என்று சொல்லப்படும் அந்தக் காற்று நாற்றின் இலையைச் சுருட்டி, பாத்தியின் மேல்மண்ணைப் புழுதியாக்கிக் கிளப்பிக்கொண்டு போகும். இரத்தினபுரியின் ஆண்டு மழை 3500 மில்லிமீற்றருக்கு மேல். வவுனியாவில் சுமார் 1400, மன்னாரில் 1000 அளவு.

பாலைவனம் என்று சொல்லத்தக்க நிலம் இலங்கையில் இல்லை. ஆனாலும் மே முதல் செப்டெம்பர் வரை, வவுனியாவை உள்ளடக்கிய வன்னியின் மேட்டுநிலத்தில் மரக்கறி போட முயல்பவருக்குப் பாலைநில விவசாயியின் கணக்கே வாய்க்கிறது. மழை கிட்டத்தட்ட இல்லை. வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் நீரை ஆவியாக்கிவிடும். ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். அப்படியானால் பத்துச் சதுர மீற்றர் பாத்தி ஒன்று தினமும் ஐந்தாறு வாளித் தண்ணீரை ஆகாயத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஐந்தாறு வாளியைக் கிணற்றிலிருந்து யார் இறைப்பது, எத்தனை நாளுக்கு இறைப்பது என்பதில்தான் புதிதாக விவசாயத்தில் இறங்குபவரின் முதல் வருடம் நிற்கும் அல்லது விழும்.

சபரகமுவையின் றப்பர், தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பல குடும்பங்கள் 1970களிலும் 80களிலும் இந்தக் கணக்குக்குள் தள்ளப்பட்டன. ஈரமலையின் மனிதர்கள் காய்ந்த மண்ணில் சோறு விளைவிக்க எப்படிப் பழகினார்கள், தோட்டத்து வேலையில் கற்றதில் எது கைகொடுத்தது, எதைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது, எது அவர்களின் கையை மீறி நின்றது என்று தொகுத்துப் பார்ப்பது இன்று தேவையாகிறது. சபரகமுவையிலேயே மழை தன் மாதங்களை மறந்து வரும் காலம் இது.

அவர்கள் ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, சில தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டன. அந்தக் காணிகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் பேர் பதிவிழந்து வெளியேறின. 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை நெரித்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கின. தோட்டப்புறத்தின் இறப்பு விகிதம் ஏறியது. பிறகு தமிழர்களுக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரம். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் மீண்டும் தாக்கப்பட்டன. 1983 ஜூலைக் கலவரம் மிச்சமிருந்த நம்பிக்கையையும் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் கைப்பையோடு லொறி ஏறியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நோக்கிப் போனார்கள்.

வன்னியில் அப்போது கூலியாட்களுக்குத் தேவை இருந்தது. 1970இல் வந்த அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் செத்தல் மிளகாய் பொன்விலை போனது. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் மிளகாய் போட்டவர்களுக்குக் கொத்தவும் இறைக்கவும் பழம் பிடுங்கவும் கைகள் வேண்டியிருந்தன. தோட்டத்து மக்கள் பலருக்கு வறள்நில விவசாயத்தின் முதற்பள்ளிக்கூடம் இன்னொருவரின் மிளகாய்த் தோட்டமாகவே இருந்தது. எந்த வேளைக்கு இறைப்பது, இலை சுருண்டால் என்ன செய்வது என்பதெல்லாம் நாட்கூலியோடு சேர்த்துக் கற்றவை. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்ததும் மிளகாயின் விலை சரிந்தது. கற்றுக்கொண்ட தொழிலின் சந்தை, தொழில் கைக்கு வந்த வேளையிலேயே கைவிட்டுப் போனது.

சொந்தமாகப் பயிர் வைக்க வழிகாட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது காந்தீயம் அமைப்பை. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியாவில் வைத்தியராக இருந்த எஸ். இராஜசுந்தரமும் 1970களின் இரண்டாம் பாதியில் தொடங்கிய அந்த இயக்கம், கலவரத்தில் வீடிழந்து வந்த மலையகக் குடும்பங்களை வன்னியின் பண்ணைகளிலும் எல்லைக் கிராமங்களிலும் குடியமர்த்தியது. கிணறு, விதை, பாலர் பாடசாலை, பிள்ளைகளுக்குச் சத்துணவு என்று ஒரு கிராமத்துக்கு வேண்டியதை ஒன்றாகச் சேர்த்துச் சிந்தித்தார்கள். காடு வெட்டிய நிலத்தில் முதல் விளைச்சல் வரும்வரை ஒரு குடும்பம் உயிரோடிருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் அது. அதற்கு முன்னும் பின்னும் வந்த பல குடியேற்றங்கள் இதைக் கணக்கில் எடுக்கத் தவறின.

தோட்டத்து மக்கள் வெறுங்கையோடு போகவில்லை. லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி மரக்கறி, ஒரு மூலையில் மரவள்ளி, கொஞ்சம் வாழை, மாட்டுக் கொட்டிலின் எரு எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. அதைவிடப் பெரிய அறிவு துரைமாரின் வேலைக்காகக் கற்றது. சரிவில் மண் அரியாமல் இருக்கக் கான் என்னும் வடிகால் வெட்டுவது தோட்டத்தில் தனித் திறமை. நல்ல கானில் இடையிடையே மண்திட்டு விட்டு வெட்டுவார்கள். ஓடிவரும் நீர் ஒவ்வொரு திட்டிலும் சற்றே தேங்கி, கொண்டு வந்த மண்ணைப் படியவிட்டு, பிறகுதான் வழிந்து போகும். தேயிலை நாற்று மேடைக்குக் கெக்கில்ல செடியைக் குத்தி நிழல் கட்டுவது, இளம் றப்பருக்கு நடுவே மூடுபயிர் படரவிடுவது, கவாத்துக் கொப்பை மலையிலேயே பரப்பி மண்ணை மூடுவது எல்லாமே வெயிலிடமிருந்தும் அரிப்பிலிருந்தும் மண்ணைக் காக்கும் வித்தைகள். வறள்நில விவசாயத்தின் பாதிப் பாடம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

மற்றப் பாதிதான் தலைகீழ்.

ஈரமலையில் நீர் அச்சத்துக்குரியது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தையும், 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவையும் மண்சரிவு விழுங்கியதை அந்த மக்கள் மறக்கமாட்டார்கள். அங்கே உயர்பாத்தி போட்டு, சுற்றிலும் கான் வெட்டி, வேர் அழுகாமல் நீரை வடியவிட வேண்டும். வன்னிக்குப் போனவர் அதே கையால் சித்திரை மாதத்தில் உயர்பாத்தி போட்டால், நாலு பக்கமும் வெயில் பட்டு அந்தப் பாத்தி இரண்டே நாளில் காய்ந்துவிடும். அங்கே சிறுபோகத்துக்குப் பாத்தியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, நாலு பக்கமும் வரம்பு கட்டி, இறைத்த நீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் மறிக்க வேண்டும். ஆனால் காலபோகத்தில் மறுபடி உயர்பாத்தி. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரைக்குள் கொட்டிவிடுவதால், கார்த்திகையில் மிளகாய்க் கன்று நீரில் நின்றே சாகும். ஒரே காணியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாத்தியின் உருவத்தை மாற்றத் தெரிந்தவரே அங்கே விவசாயி.

மண்ணும் வேறு. சபரகமுவையின் மண் புளிப்புத்தன்மை மிக்கது. அதைத் தணிக்க டொலமைட் போடுவது தோட்டத்தில் வழக்கம். வன்னியின் செங்கபில மண்ணுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அந்த மண்ணுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காய்ந்தால் மண்வெட்டி துள்ளித் திரும்பும். நனைந்தால் காலில் அப்பிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே கொத்துவதற்கு ஏற்ற பதம் ஒருசில நாட்களே நிற்கும். முதல் மழை விழுந்ததும் கொத்திச் சமன்செய்து விதைத்துவிட வேண்டும். கூலி வேலை கேட்டு நிற்கும் நாளில் அந்தப் பதம் தப்பிவிட்டால் ஒரு போகமே பின்தள்ளிப் போகும். காணியற்ற கூலிகளாக வாழ்ந்தவர்களுக்கு இது மிகக் கசப்பான சிக்கல். மண் கூப்பிடும் அதே வாரத்தில்தான் பெரிய விவசாயிகளும் கூலிக்குக் கூப்பிடுவார்கள். அன்றைய கூலியை விட்டால் அன்றைக்கு உலை கொதிக்காது. சொந்தக் காணியை விட்டால் அடுத்த தைக்கு வீட்டில் உளுந்து இல்லை.

பயிரும் மாறியது. தோட்டத்தில் எந்நேரமும் கிடைத்த வல்லாரை, சேம்பு, ஈரப்பலா எதுவும் அங்கே எளிதில் வராது. வந்தவர்களுக்குக் கைகொடுத்தவை மழையோடு முளைத்து மழையோடு முடியும் பயிர்கள். காலபோகத்தில் உளுந்து, பயறு, கௌபி, குரக்கன், சோளம், கச்சான். தை மாசிக்குப் பின் மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பி எள்ளு. வேலியோரம் முருங்கை. எங்கும் போல மரவள்ளி. பயறும் கௌபியும் இரண்டு, இரண்டரை மாதத்தில் முடிந்துவிடுவதால் மழை முன்கூட்டியே நின்றாலும் கையில் ஏதாவது மிஞ்சும். அநுராதபுர மாவட்டத்து மகா இலுப்பள்ளமவில் இருக்கும் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உலர்வலயத்துக்கென்றே பல பத்தாண்டுகளாக விதை வகைகளைத் தெரிந்தெடுத்துவந்தது. அங்கிருந்து வந்த எம்.ஐ. 2 மிளகாய் வன்னியில் பரவலாக ஊன்றப்பட்டது. கிளிரிசிடியா வேலிகளை வரிசையாக நட்டு, வெட்டிய குழையை நடுப்பயிருக்கு மூடாக்காகப் போடும் முறையையும் அந்த நிலையம் சோதித்துப் பார்த்தது. தேயிலைக்கு நிழலாகவும் பசளையாகவும் கிளிரிசிடியாவைக் கண்டு பழகிய தோட்டத்து மக்களுக்கு அது புதிய மரமில்லை.

மூடாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் பரப்பிய குழை மெல்ல மக்கி மண்ணாகும். வன்னியில் ஒரே மாதத்தில் கறையான் அதைத் தின்றுவிடும். புதிதாகப் போனவர்கள் இதைக் கண்டு மனமுடைந்து மூடாக்கையே கைவிடுவதுண்டு. ஆனால் மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில் யகூபா சவடோகோ என்ற விவசாயி 1980 வாக்கில் கறையானையே கூட்டாளியாக்கினார். வறண்ட மாதங்களில், கல்லாய் இறுகிய நிலத்தில் ஒரு சாண் அகலமும் அதற்குச் சற்றுக் குறைந்த ஆழமுமாக ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் எருவும் சருகும் இட்டார். அதைத் தேடிவந்த கறையான்கள் குழியின் அடியில் துளைகள் போட்டன. மழை விழுந்தபோது அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளே இறங்கியது. குழியில் விதைத்த சோளமும் கம்பும் அயல் நிலம் கருகியபோதும் நின்றன. அந்த மண்ணில் அவர் ஒரு காட்டையே வளர்த்து, 2018இல் உலக விருதொன்றைப் பெற்று, 2023இல் காலமானார். வன்னி மேட்டுநிலத்தில் மாவும் எலுமிச்சையும் முருங்கையும் வைக்க நினைப்பவர் ஆவணி, புரட்டாதியிலேயே குழி தோண்டி எருவிட்டு வைப்பது இதே முறைதான். மழை வந்தபின் தோண்டுபவர் அந்த வருட மழையின் முதற்பாதியை இழந்துவிடுகிறார்.

இன்னொரு முறை அதைவிடப் பழையது. சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பான் செங்சியின் வேளாண் நூலில் அது பதிவாகியிருக்கிறது. செய்முறை எளிது. மெருகிடாத மண்முட்டி ஒன்றைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பாத்தி நடுவில் புதைக்க வேண்டும். அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நாலைந்து கத்தரிக் கன்று, அல்லது ஒரு பூசணிக் குழி. முட்டியில் நீர் நிரப்பி, நுளம்பு முட்டையிடாமல் ஓட்டால் மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காயக்காய முட்டியின் சுவர் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகவே குறையும். மேல்மண் காய்ந்தே கிடப்பதால் களை முளைப்பது குறைவு, வெயில் குடிக்கும் நீரும் குறைவு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். குறையும் உண்டு. உவர் கலந்த கிணற்று நீரானால் ஒன்றிரண்டு வருடத்தில் உப்பு முட்டியின் நுண்துளைகளை அடைத்துவிடும். பிறகு முட்டியை மாற்ற வேண்டும். 1965இல் இஸ்ரேலின் ஹட்செரிம் குடியிருப்பில் தொழிலாக வளர்ந்த சொட்டுநீர்ப் பாசனம் இதையே குழாயில் செய்கிறது. ஆனால் குழாய்க்கும் வடிகட்டிக்கும் பணமும் பம்பும் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருபது கத்தரி வைத்திருப்பவருக்கு முட்டி போதும்.

கூரை நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருபதடிக்கு இருபதடி தகரக் கூரையில் 1400 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 52,000 லீற்றர். இலங்கையில் வீடுகளுக்குக் கட்டப்பட்ட சீமெந்துத் தாங்கிகளில் பல 5000 லீற்றர் கொள்பவை. அதனால் கூரைநீரில் பெரும்பங்கு தாங்கிக்கு வெளியேதான் போகும். அந்த வழிநீரைக் கான் வெட்டி வாழைக் குழிக்கும் தென்னங்கன்றுக்கும் திருப்பிவிடும் வேலையில் தோட்டத்துக் கைக்கு நிகர் இல்லை. மண்திட்டு விட்ட பழைய கான், திசை மாறி, இங்கே முழுப் பயன் தருகிறது.

நோயும் ஒரு பாடமாக வந்தது. வன்னியின் மலேரியா புதிதாக வந்தவர்களை முதலில் பிடித்தது. விதைப்பும் காய்ச்சலும் ஒரே மழையோடு வந்ததால், கை வேண்டிய வேளையில் பாயில் கிடந்தவர்கள் அநேகர். மலேரியாவும் வறட்சியும் சேர்ந்தால் என்னவாகும் என்பதைக் கேகாலை முன்பே அனுபவித்திருக்கிறது. 1934இல் ஈரவலயத்தில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது பரவிய பெருங்காய்ச்சலின் நடுமையம் அந்த மாவட்டம்தான். 1934, 35 கொள்ளையில் நாடளவில் மாண்டவர்கள் சுமார் 80,000 பேர். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று வன்னியில் விவசாயம் தொடங்குபவருக்கு அந்தச் சுமை இல்லை.

கற்றுக்கொள்ளும் திறனில் அந்த மக்களிடம் குறை இருக்கவில்லை. கற்றதை நிலைநிறுத்தக் காலம் கொடுக்கப்படவில்லை. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். முல்லைத்தீவு மாவட்டத்தின் கென்ற் பண்ணை, டொலர் பண்ணையிலிருந்து மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அவர்களின் இடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டார்கள்; அவர்களில் பலர் நவம்பர் 30இல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். கிணறு வெட்டி, கன்று வைத்து, மண்ணின் குணம் பிடிபடத் தொடங்கிய இடங்கள் எல்லாத் தரப்பு ஏழைகளின் இரத்தத்திலும் நனைந்தன. அடுத்த கால் நூற்றாண்டுப் போரில் வன்னியின் மற்றக் குடியிருப்புகளும் பலமுறை பெயர்ந்தன. 2009இல் போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியபோது பலருக்கு மரமும் இல்லை, மாடும் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. மூன்றாம் முறை முதலிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் குடியுரிமைச் சிக்கல் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உலர்வலயத்தில் அரசு குடியேற்றங்களை அமைத்து, குளத்து நீர் பாயும் வயலும் வீட்டு மேட்டுநிலமும் சேர்த்துக் கொடுத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றவர்களுக்கான குடியுரிமைச் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதனால் வன்னியில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குளத்துக்கு மேலே, வாய்க்கால் எட்டாத மேட்டுநிலம். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் போன்ற மலையக வழித்தோன்றல்கள் நிறைந்த கிராமங்கள் இரணைமடு என்னும் பெருங்குளத்துக்கு அருகே இருந்தும், அதன் வயல்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கூலிகளாகவே இறங்கினார்கள்.

சபரகமுவையில் தங்கிவிட்டவர்களுக்கும் இந்தக் கல்வி இப்போது வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் விளைச்சல் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. தோட்டங்களில் மீண்டும் மரவள்ளியும் கீரையும் உயிர்காக்கும் பயிர்களாயின. அவர்கள் கற்பதற்கு வன்னிவரை போக வேண்டியதில்லை. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு, எம்பிலிப்பிட்டிய பக்கம், உலர்வலயம்தான். பலாங்கொடையிலிருந்து கீழிறங்கினால் வரும் கல்தோட்டையில், 1992இல் நிறைவேறிய சமனலவெவ நீர்த்தேக்கத்தின் வலக்கரைக் கசிவு நீரும் வயல்களுக்குப் பாய்கிறது. ஈரத்துக்கும் வறட்சிக்கும் இடையே ஒரு பஸ் பயணமே தூரம். விவசாயப் பயிற்சிகள் தோட்டத்து இளைஞர்களை இந்தச் சரிவுக்கு அழைத்துவந்தால், இரண்டு வகைப் பாத்தியையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

வன்னியில் இருப்பவர்களுக்குப் பயிற்சியைவிட முதலில் வேண்டியது காணிக் கடதாசி. அனுமதிப்பத்திரம் இல்லாத காணியை நம்பி வங்கி கிணற்றுக்குக் கடன் தராது. கிணறு இல்லாதவர் காலபோகத்தோடு நின்றுவிடுவார். மிச்ச ஏழு மாதம் கூலிக்குப் போவார். நாளைக்கு எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் உள்ளவர், காய்க்க ஐந்தாறு வருடம் எடுக்கும் மாவையும் தென்னையையும் வைக்கத் தயங்குவார். நிழல் தரும் மரம் இல்லாத காணியில் ஆடி வெயில் நேரே பாத்தியில் விழும். பிரதேச செயலகங்கள் மேட்டுநிலக் கிராமங்களை வீடு வீடாகப் பதிந்து, நீண்டகாலமாகக் குடியிருப்பவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கி, நான்கைந்து வீட்டுக்கு ஒரு பொதுக் கிணறாவது வெட்டிக் கொடுத்தால், அடுத்த சிறுபோகத்துக்கே தாழ்பாத்திகளில் கத்தரியும் வெண்டியும் நிற்கும்.